பெட்டிக்குள் உறங்கும் எழுத்து

எழுதுவோர் இரு சாரார். எழுதிப் பிறர்க்குக் காட்டுவோர் ஒரு சாரார். எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோர் மறு சாரார். பின்னவரே தொகையில் மிக்கோர் என்பது நமது எண்ணம். நமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவரின் மேசை இலாச்சியிலே பன்னிரண்டு சிறுகதைகள் கிடக்கின்றன. இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் தாம் கடமையாற்றிய ஊர்களைப் பற்றி மூன்று கொப்பிகள் நிறைய எழுதி வைத்திருக்கிறார். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் கொப்பியைப் புரட்டிப் பிடித்து, அதன் பின்பக்கங்களிலே கவிதை எழுதும் தாய்மாரும் உளர். ஏன் இவற்றை ஒரு பத்திரிகைக்கு அனுப்பவில்லை என்று கேட்டால், நேரமில்லை என்பார்கள். மூன்று கொப்பி எழுத நேரம் கிடைத்தவருக்கு ஒரு முத்திரை வாங்கி ஒட்டவா நேரமில்லை? உண்மையான காரணம் அச்சம். தமக்கு எழுத வராது என்ற ஐயம், படித்தவர்கள் நகைப்பார்கள் என்ற கூச்சம், அயலார் என்ன சொல்வார்கள் என்ற கவலை, எல்லாவற்றையும் முன்னோர் சொல்லிவிட்டார்களே என்ற சோர்வு ஆகிய யாவும் ஒன்றாய்த் திரண்டு பேனாவைப் பிடித்த கையைத் தடுக்கின்றன.

இவ்வச்சம் நம் மக்களுக்குப் புதியதன்று. அதற்கு ஓர் இடமும் ஒரு பெயரும் கொடுத்து வைத்த மொழி நம்முடையது. பழைய நூலாசிரியர்கள் தங்கள் காப்பியங்களின் முகப்பிலே அவையடக்கம் பாடினார்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைப் போலத் தாம் இராமகாதையைச் சொல்லத் தொடங்கியதாகக் கம்பர் கூறுகிறார். ஆனால் அவ்வாறு கூறியவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தொடர்ந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார். நம்மவருட் பலரோ அவையடக்கத்தோடு நூலை முடித்துக்கொள்கிறார்கள்!

திருவள்ளுவரும் இதனை நன்கு உணர்ந்திருந்தார். பொருட்பாலிலே 72ஆம் அதிகாரத்தை அவையறிதலுக்கு வைத்தவர், அதனை அடுத்த 73ஆம் அதிகாரத்தை அவையஞ்சாமைக்கே ஒதுக்கினார். அவைக்கு அஞ்சுவோர் கற்ற நூலினால் ஆகும் பயன் யாது என்று வினவவும் செய்தார். அக்காலத்து அவையிலாவது கேட்போரின் முகம் கண்முன்னே தெரிந்தது. அச்சிலே எழுதுவோருக்கு அந்த வசதியும் இல்லை. வாசிப்பவர் யார், எங்கேயிருந்து வாசிக்கிறார், வாசிக்கும்போது புருவத்தை நெரிக்கிறாரா, புன்னகை செய்கிறாரா என்பதொன்றும் தெரியாது. முகம் தெரியாத கூட்டம் இருட்டிலே கிடக்கும் கயிற்றைப் போன்றது. அதனைப் பாம்பாக்குவது நமது மனமே.

அச்சத்தோடு எழுதிய மூன்று சகோதரிகளின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இங்கிலாந்தின் வடபகுதியிலே, யோர்க்ஷயர் மாகாணத்து ஹாவர்த் என்னும் ஊரிலே, ஒரு பாதிரியாரின் பெண்மக்களாகச் சார்லட், எமிலி, ஆன் என்போர் வளர்ந்தனர். புரொன்ரி என்பது குடும்பப் பெயர். சிறு வயதிலேயே தாயை இழந்த இவர்கள், பிள்ளைப் பருவந்தொட்டுக் கதைகளும் பாடல்களும் எழுதிக் குவித்தார்கள். ஆயினும் தம் எழுத்தின் தரம் என்ன என்பதை அறிய வழியில்லை.

மூத்தவளாகிய சார்லட் துணிந்து, அந்நாளில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக விளங்கிய றொபேட் சவுதிக்குத் தன் பாடல்கள் சிலவற்றை அனுப்பி வைத்தாள். 1837ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதில் வந்தது. அவளுக்குக் கவித்திறன் உண்டு என்பதைச் சவுதி மறுக்கவில்லை. ஆனால் இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று எழுதிவிட்டார். நாட்டின் தலைமைக் கவிஞரே இவ்வாறு தீர்ப்புக் கூறினால், இருபது வயதுப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! சார்லட் பணிவாக நன்றி தெரிவித்து எழுதினாள். அந்தக் கடிதத்தை என்றென்றும் பேணி வைக்க வேண்டிய புத்திமதி என்று உறையின் மேல் எழுதி, தனது இருபத்தோராவது பிறந்த நாளின் திகதியையும் இட்டுப் பத்திரப்படுத்தினாள். புத்திமதியைப் பேணினாளேயன்றி அதன்படி நடக்கவில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த பெரும் பேறு.

எமிலியின் அச்சம் வேறு வகையானது. அவள் எவரிடமும் அபிப்பிராயம் கேட்டவளல்லள். தன் பாடல்களை ஒரு கொப்பியில் எழுதி ஒளித்தே வைத்திருந்தாள். 1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே சார்லட் தற்செயலாக அக்கொப்பியைக் கண்டு வாசித்துவிட்டாள். எமிலிக்கு வந்த கோபம் சாமானியமானதன்று. தங்கையின் சினத்தைத் தணிக்கப் பல மணி நேரமும், அப்பாடல்கள் அச்சேற வேண்டியவை என்று அவளை இணங்கச் செய்யப் பல நாட்களும் பிடித்தன என்று சார்லட் பின்னாளில் எழுதியிருக்கிறாள். இதனைக் கண்ட ஆன், கேளாமலே தன் பாடல்களையும் கொண்டுவந்து அக்காளின் முன்னே வைத்தாள். கடைக்குட்டிகளின் சுபாவம் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

பெரிய தாயார் விட்டுச் சென்ற சிறு பணத்திலிருந்து முப்பது பவுணுக்கு மேல் கொடுத்து, 1846ஆம் ஆண்டு மே மாதம் மூவரும் ஒரு நூலை வெளியிட்டனர். தம் சொந்தப் பெயரை இட அஞ்சினார்கள்; பெண் எழுத்து என்றால் ஓரவஞ்சனையோடு நோக்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கறர் பெல், எல்லிஸ் பெல், அக்டன் பெல் என்று ஆணென்றோ பெண்ணென்றோ திட்டமாகச் சொல்ல முடியாத புனைபெயர்களைப் பூண்டனர். முதலாண்டில் எத்தனை பிரதிகள் விலைபோயின? இரண்டே இரண்டு! எழுதுவோரை மனமுடையச் செய்ய இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர்கள் அப்போதே ஆளுக்கொரு நாவலை எழுதி முடித்திருந்தார்கள்.

சார்லட்டின் முதல் நாவலாகிய ‘புரொபெசர்’ ஒரு பதிப்பகத்திலிருந்து மற்றொரு பதிப்பகத்துக்குச் சென்று சென்று திரும்பியது. ஒவ்வொரு முறையும் அவள் பழைய கடதாசிச் சுற்றின் மேல் முன்னிருந்த முகவரியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் புதிய முகவரியை எழுதி அனுப்பினாள். யார் யார் அதனை வேண்டாம் என்றார்கள் என்பதைப் புதிதாகப் பெறுபவர் உறையிலேயே வாசித்துக்கொள்ளலாம்! இந்தக் கள்ளமின்மையை எண்ணிச் சிரிப்பதா, இரங்குவதா என்று நமக்குத் தெரியவில்லை. இறுதியில் லண்டனிலுள்ள சிமித் எல்டர் நிறுவனத்தாரும் அதனை மறுத்தனர். ஆயினும் வெறுமனே மறுக்கவில்லை; நூலின் நிறைகுறைகளை மரியாதையோடு எடுத்துக்கூறி, மூன்று பாகங்கள் கொண்ட நாவல் ஒன்றை அனுப்பினால் கருத்தோடு படிப்போம் என்று இரண்டு பக்கத்தில் எழுதினர். சார்லட்டிடம் அத்தகைய நாவல் ஏறக்குறைய முடிந்திருந்தது. 1847ஆம் ஆண்டு ஆகஸ்டில் அனுப்பினாள்; ஒக்டோபரிலே ‘ஜேன் அயர்’ வெளியாயிற்று. டிசெம்பரில் எமிலியின் ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலும் ஆனின் ‘அக்னெஸ் கிறே’ நாவலும் வந்தன.

புகழ் வந்ததும் அச்சம் ஒழிந்ததா? இல்லை. அடுத்த ஆண்டு டிசெம்பரில் ஒரு பெயர்பெற்ற சஞ்சிகை ‘ஜேன் அயர்’ நாவலைக் கடுமையாகத் தாக்கியது. இதனை எழுதியவர் பெண்ணாயின், நல்ல பெண்களின் கூட்டத்தில் இடம்பெறத் தகாதவர் என்னும் பொருள்பட அதில் எழுதியிருந்தார்கள். எழுதியவரும் ஒரு பெண்மணியே. அயலார் என்ன சொல்வார்கள் என்று நாம் அஞ்சுகிறோமே, சார்லட்டைப் பொறுத்தவரை அயலார் உண்மையாகவே சொன்னார்கள். சொன்னவர் கட்டுரையை இன்று ஆராய்ச்சியாளர் மட்டுமே தேடி வாசிக்கின்றனர். எமிலி அதே மாதத்தில் முப்பதாவது வயதில் இறந்துபோனாள். ஆன் 1849ஆம் ஆண்டு மே மாதத்திலும், சார்லட் 1855ஆம் ஆண்டிலும் மறைந்தனர். எமிலியின் கொப்பி கண்ணில் பட்டது முதல் அவளுடைய மரணம் வரை இருந்த காலம் மூன்றே ஆண்டுகள். தங்கையின் கோபத்துக்கு அஞ்சிச் சார்லட் அதனை மூடி வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவர்கள் அறியாத இளம் பெண்கள். பேரெழுத்தாளர்களுக்கு இத்தகைய ஐயம் இராது என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக் 1938ஆம் ஆண்டு மே மாத இறுதி தொடக்கம் ஒக்டோபர் வரை ‘கிறேப்ஸ் ஒஃப் றாத்’ என்னும் நாவலை எழுதினார். அந்நாட்களில் ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். காலையில் மேசைக்கு வந்ததும் முதலில் அதில் சில வரிகள் எழுதுவார், பின்னரே நாவல். அவர் இறந்து 21 ஆண்டுகளின் பின் 1989இல் அந்நாட்குறிப்பு நூலாக வந்தது. அதனைப் புரட்டினால் வியப்பே உண்டாகிறது. இக்கதைக்குத் தமது ஆற்றல் போதாது என்கிறார்; தாம் எழுத்தாளரே அல்லர், தம்மையும் பிறரையும் ஏமாற்றி வந்திருப்பதாகக் கூறுகிறார். அதற்கிடையில் அயலிலே வீடு கட்டும் சத்தம், வீட்டுக்கு வரும் விருந்தினர், மனைவியின் சுகவீனம், போதாக்குறைக்குப் பதிப்பாளரின் கடன் முறிவு! இருந்தும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 சொற்கள் என்ற கணக்கை அவர் கைவிடவில்லை. அச்சத்தை நாட்குறிப்பிலே இறக்கி வைத்துவிட்டு, அன்றைய பங்கை எழுதினார். நூல் அதிகம் விலைபோகாது, குறைவாக அச்சிடுங்கள் என்று சொன்னவரும் அவரே. 1939இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற நாவல் அதுதான். 1940இல் புலிட்சர் பரிசையும் பெற்றது.

ஸ்ரைன்பெக் தைரியம் வரும்வரை காத்திருக்கவில்லை என்பதையே நாம் இங்கே முக்கியமாகக் கொள்கிறோம். தைரியம் முன்னே வந்து எழுத்துப் பின்னே வருமென்று எண்ணுவது பிழை. அவருக்கு நூல் முடியும்வரையும் தைரியம் வரவேயில்லை.

பிழை நேர்ந்துவிடுமே என்ற பயம் படித்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பாராட்டு வந்தது போலவே கண்டனங்களும் வந்தன. அவற்றைத் தம் வரலாற்றிலே அவரே மறைக்காது எழுதியிருக்கிறார். கண்டனத்துக்கு அஞ்சிப் பதிப்புப் பணியை அவர் நிறுத்தியிருந்தால் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் அவர் கையால் வந்திரா. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பை 1907இல் திருத்தங்களோடு வெளியிட்டார். பிழையைத் திருத்துவதற்கும் முதலில் ஒரு பதிப்பு வேண்டியிருக்கிறது.

எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்போருக்கு யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவைக் காட்டலாம். 1927இல் பிறந்தவர், சாதியின் பேரால் அவமதிப்புற்றுப் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர், முடிதிருத்தும் தொழிலைச் செய்தவர். அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கி, 400 இதழ்களுக்கு மேல் வெளியிட்டு, பிரதிகளைத் தாமே தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றவர். 2021இல் மறையும்வரை தம் தொழிலை அவர் மறைத்தாரல்லர்.

நம் நாட்டில் எழுத்தைப் பெட்டிக்குள் வைப்பதிலே வேறோர் ஆபத்தும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சிட்டவை சிலவற்றையாவது வேறிடங்களில் தேடிக்கொள்ளலாம். ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகளை எங்கே தேடுவது? பின்வந்த யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற றங்குப் பெட்டிகளுக்குள் எத்தனை கொப்பிகள் இருந்தனவோ, அக்கணக்கு எவரிடமும் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளிலே வெளியிடும் நினைவு மலரில், அவர் எழுதி வைத்த கவிதையோ ஊர் நினைவோ முதன்முதலாக அச்சேறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இவர் இப்படி எழுதுவார் என்று எங்களுக்கே தெரியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அம்மலர்களைச் சேர்ப்போர் உளர் என்பது ஓர் ஆறுதல். 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நூலக நிறுவனம் பழைய சஞ்சிகைகளோடு இத்தகைய மலர்களையும் மின்வடிவாக்கிப் பேணுகிறது.

ஆகவே இலாச்சியைத் திறக்க எண்ணும் நேயர்களுக்கு ஓரிரு சொற்கள். முதலில் முழு உலகத்துக்கும் காட்ட வேண்டியதில்லை. புகழ்ந்தே பேசும் உறவினரை விட்டு, நிறைகுறை கூறக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். மிக நீண்டதை விடுத்துக் குறுகியதொன்றைத் தெரிந்தெடுங்கள். அதிலும் உங்களூர்க் குளத்தைப் பற்றியோ, உங்கள் பாட்டியார் செய்த வைத்தியத்தைப் பற்றியோ எழுதியதாயின், அதனை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமிரார். சொந்தப் பெயரைப் போடக் கூச்சமாயின் புனைபெயர் இருக்கவே இருக்கிறது. அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருமாயின் வேறொரு பத்திரிகைக்கு அனுப்பலாம். ஆனால் சார்லட்டைப் போலப் பழைய முகவரியை வெட்டிவிட்டு அதே உறையில் அனுப்பிவிடாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்புவோருக்கு அந்தத் தொல்லையும் இல்லை.