வாடை ஓய்ந்த பிறகு, கச்சான் வருமுன்

மத்தியதரைக் கடலோரத்துச் சின்ன ஊர்களுக்கு, கூட்டம் இல்லாத மாதம் பார்த்து, கணவனும் மனைவியுமாகப் போய் வருவதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதலாம். கிரேக்கத்தில் நாஃப்பிலியோ, சிசிலியில் செஃபாலு என்று ஊர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வத்தேகமவில் இருந்து புறப்படும் ஜோடிக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் காசு திரும்பாது. கிடைத்துப் போனாலும் மார்ச் மாதத்தில் அங்கே கடல் நீரின் வெப்பம் 15 பாகையைச் சுற்றித்தான். தீவுகளுக்குக் கப்பல் குறைந்திருக்கும், பல ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும். அதே மார்ச்சில் திருகோணமலைக் கடல் 28 பாகையை ஒட்டி இருக்கிறது. போவதற்குக் கடவுச்சீட்டும் வேண்டாம்.

கிழக்குக் கரையின் சீசன் மே தொடங்கி செப்டம்பர் வரை. கச்சான் காற்று மழையை மலையிலேயே கொட்டிவிட்டுக் காய்ந்து இறங்கும் மாதங்கள் அவை. நிலாவெளியும் உப்புவெளியும் வெளிநாட்டவர்களால் நிரம்பும். ஓகஸ்ட் லீவு விட்டால் எங்கள் ஆட்களும் வான் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். டிசம்பர், ஜனவரியில் வாடை அடிக்கும், மழை பெய்யும், கடல் கொந்தளிக்கும். இரண்டுக்கும் நடுவில், பெப்ரவரிக் கடைசியில் இருந்து சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை வரை ஓர் இடைவெளி இருக்கிறது. மழை பெரும்பாலும் விட்டிருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது. மேற்குக் கரை மீனவர்கள் கிழக்கே வந்து வாடி போடத் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் மூட்டை கட்டும் மாதத்தை நாமும் நம்பலாம்.

உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் மணலில் கவிழ்த்துப் போட்ட பைபர் படகின் வெடிப்புக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டியிருந்தன. அறை விலை கேட்டதும் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இப்ப வந்தீங்கண்டா விலை பேசலாம் தங்கச்சி. ஓகஸ்ட்ல வந்தீங்கண்டா நாங்க சொல்றதுதான் விலை.” சமைக்க ஆள் இன்னும் வரவில்லையாம், அவருடைய மனைவி வீட்டுக்கு ஆக்கியதிலேயே எங்களுக்கும் வந்தது. சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். சீசனில் இது கிடைக்காது, மெனு அட்டைதான் கிடைக்கும்.

போகிற வழி சிக்கலில்லை. உக்குவெல வழியாக மாத்தளைக்குப் போய்விட்டால், கண்டியில் இருந்து வரும் திருகோணமலை பஸ்ஸைப் பிடிக்கலாம். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், அவ்வளவுதான். பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீரும் 1976இல் இருந்து சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத்தான் வருகிறது. வயல்களுக்குப் போனது போக மிச்சம் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. எங்கள் ஊர் மழை நமக்கு முன்பே அங்கே போய்விடுகிறது.

இரண்டு பேராக மட்டும் போவதுதான் கஷ்டம். “வான்ல இடம் இருக்குத்தானே, அத்தையும் வரட்டும்” என்று ஒருவர் தொடங்கினால் பன்னிரண்டு பேரில் போய் நிற்கும். அதற்காகவாவது பஸ்ஸில் போங்கள். போயாவை ஒட்டிய நீண்ட வார இறுதியைத் தவிருங்கள். மற்றபடி பெரிய திட்டம் எதற்கு? காலையில் கோணேசர் கோயில், கோட்டைக்குள் மேயும் மான்கள், ஒரு பின்னேரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளி விட்டு எது கூடச் சுடுகிறது என்று சண்டை பிடிக்கலாம். புறாத்தீவுக்குப் படகு போகுமா என்பதை அன்றன்றைக்குக் கடல்தான் தீர்மானிக்கும்.

மே மாதத்துக்குப் பிறகு காலி, மிரிஸ்ஸைப் பக்கமும் மலிவுதான் என்பார்கள். மலிவுதான். கோட்டைக்குள் குடை பிடித்து நடக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் அங்கே கடலைக் கரையில் நின்று பார்க்க மட்டும்தான் முடியும்.

என் கவலை வேறு. மலையில் வளர்ந்தவர்களுக்கு ஆறு தெரியும், கடல் தெரியாது. ஆற்றில் நுரைத்துப் பாயும் இடத்துக்குப் பயந்து, அமைதியான இடமாகப் பார்த்து இறங்கிப் பழகியவர்கள் நாங்கள். கடலில் அந்தப் புத்தி ஆளைக் கொல்லும். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது மணல்திட்டுக்கு நடுவில் ஒடுங்கிய வாய்க்காலாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, சாதுவாகத் தெரியும். குளிக்க நல்ல இடம் என்று நாங்கள் தெரிவு செய்வது அதைத்தான். அந்த இழுவை செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தைக்கூடத் தொடும். நன்றாக நீந்துபவரும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. எதிர்க்காமல் மிதக்க வேண்டும், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும்.

சீசனில் யாராவது பார்த்துவிடுவார்கள். சீசன் இல்லாத கரையில் அந்த ஆள் நடமாட்டமே இல்லை. அதை விரும்பித்தானே போகிறோம்? உயிர்காப்பாளர் நிற்பார் என்று நம்பி இறங்க முடியாது. இருவராகப் போகிறவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. ஒருவர் இழுபட, மற்றவர் யோசிக்காமல் பாய்வார். பாயாதீர்கள். மிதக்கிற எதையாவது, மூடிய வெறும் பிளாஸ்டிக் கான் என்றாலும், எறியுங்கள். வாடியில் இருக்கும் மீனவர்களைக் கத்திக் கூப்பிடுங்கள். 119க்கும் 1990க்கும் அழையுங்கள். கடலில் இறங்குமுன் அந்த மீனவர்களிடமே “இண்டைக்கு எந்தப் பக்கம் குளிக்கலாம்?” என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஆசிரியர் பக்கம் ஒதுக்கினால்.

இருவருக்குமே நீச்சல் தெரியாதென்றால் நிலாவெளியை விட்டுவிட்டு பாசிக்குடாவுக்குப் போகலாம். அங்கே வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. மாத்தளையில் ஏறும் அதே பஸ்ஸில் இருந்து ஹபரணையில் இறங்கி, பொலன்னறுவை வழியாக வாழைச்சேனைக்குப் போகும் பஸ்ஸுக்கு மாற வேண்டும். விடியவே வெளிக்கிட்டால் பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.