ஆசிரியர் மாணவராகும் கூடம்

நம் பள்ளி நாட்களைச் சற்றே நினைவுகூர்வோம். அணுவைப் பற்றிய பாடம் வந்ததும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவே ஒரு புள்ளி வைப்பார். நாமும் அதனையே குறிப்பேட்டில் வரைந்துகொள்வோம். அணுத்துகள் ஒன்றின் சுவட்டையேனும் அவர் கண்டதில்லை; அவருக்குக் கற்பித்தவரும் கண்டதில்லை. குறை அவர்மீதன்று. காட்டுவார் இல்லை.

காட்டுவதையே தம் கடமையாகக் கொண்ட ஓரிடம் ஜெனீவா நகருக்கு வெளியே, பிரான்ஸ் எல்லையோரத்தில் உள்ளது. 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற செர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம், 1998 முதல் உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியர்களை வரவழைத்துப் பயிற்சி அளித்து வருகிறது. பல நாட்டாரும் கூடிப் பயிலும் பயிற்சி ஒருபுறமிருக்க, ஒரு நாட்டு ஆசிரியர்கள் தம் சொந்த மொழியிலேயே கேட்டறியும் பயிற்சியும் உண்டு. தாய்மொழியில் வகுப்பு நடத்துவோர்க்கு இது எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிலத்தடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி அங்கே இருக்கிறது. ஆயினும் ஆசிரியர்கள் தம் ஊருக்குக் கொண்டுசெல்லத்தக்கது அதுவன்று. தம் கையாலேயே செய்து பழகும் முகில் அறை என்னும் எளிய கருவியே.

ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்று. அதன் மேற்புறத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி. அடியில் கறுப்பு உலோகத் தகடு. தகட்டின் கீழே, சுழியத்திற்கும் 78 பாகை கீழான குளிருடைய உலர் பனிக்கட்டி. (அதை வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும், காற்றோட்டமில்லாத அறையிலும் வைத்தல் கூடாது.) விளக்கை அணைத்து, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துச் சில நிமிடம் காத்திருந்தால், தகட்டின்மேல் வெண்ணிற நூலிழைகள் தோன்றித் தோன்றி மறையும். மின்னூட்டமுள்ள துகள்கள் சென்ற வழியெங்கும் ஆவி துளியாகி நிற்கும் சுவடுகளே அவை. 1894-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் முகில்களை உற்றுநோக்கிய வில்சன், அவற்றைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்க முயன்றதிலிருந்து பிறந்தது இக்கருவி. 1927-ல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் இதுவே.

தடித்துக் குறுகிய கோடு ஆல்பாத் துகள். வளைந்து நெளிவது எலெக்ட்ரான். நீண்டு நேராகச் செல்வது பெரும்பாலும் மியூவான். இந்த மியூவான் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கிறது. அதன் சராசரி ஆயுளோ விநாடியின் பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பங்கு. ஒளியின் வேகத்தில் வந்தாலும் அதற்குள் 660 மீட்டரே கடக்க இயலும். பின் எவ்வாறு நம் மேசைக்கு வந்தது? விரைந்து செல்லும் பொருளின் காலம் மெல்ல நகர்கிறது என்ற ஐன்ஸ்டீனின் கோட்பாட்டுக்கு, பழைய பெட்டிக்குள் ஓடும் அக்கோடே சாட்சி.

இதைக் கண்ட மாணவன் வினவாதிருப்பானா? அவன் வினவுவனவற்றுள் சிலவற்றுக்கு ஆசிரியரிடம் விடை இராது. தகடு சரிவரக் குளிராமல் ஒரு சுவடும் தோன்றாத நாளும் வரும். வகுப்பின் முன்னே அவ்வாறு நிற்க அஞ்சியே பல பள்ளிகளில் சோதனைக் கருவிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன என்பது நம் எண்ணம். அறிஞர்களே "இன்னும் தெரியவில்லை" என்று கூசாமல் சொல்லும் கூடத்தில் சில நாள் மாணவராக அமர்ந்து வந்தவர்க்கு அந்த அச்சம் குறையும். 2017 முதல் நம் நாடும் செர்ன் நிலையத்தின் இணை உறுப்பு நாடாக உள்ளது.

உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ஏறத்தாழ விநாடிக்கு ஒரு மியூவான் அதனை ஊடுருவிச் சென்றுகொண்டிருக்கிறது.