கண்ணால் காணும் கணக்கு

நியாய ஸ்தலத்தில் கண்டு சொல்லும் சாட்சிக்குள்ள மதிப்பு, கேட்டுச் சொல்லும் சாட்சிக்கு இல்லை. நம் ஆரம்பப் பள்ளிகளிலோ கணக்கு என்பது பெரும்பாலும் கேள்விச் சாட்சியாகவே இருந்து வருகிறது. ‘ஆறேழு நாற்பத்திரண்டு’ என்று குழந்தை ராகம் போட்டு ஒப்பிக்கிறது. அதே குழந்தையிடம் 42-இல் 17 போக மீதி என்னவென்று கேட்டால், 35 என்று எழுதிக் காட்டுகிறது. இரண்டில் ஏழு போகாதாகையால், ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறது! இது மந்த புத்தியின் குற்றமன்று. நாற்பத்திரண்டு என்பதை அக்குழந்தை காதால் கேட்டதேயன்றிக் கண்ணால் கண்டதில்லை.

பிள்ளைகளின் கணக்கைப் பற்றிப் பேசுவது அரசியல் ஊழியர்களுக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கூலிச் சீட்டையும் வட்டிப் பத்திரத்தையும் தானே சரிபார்க்க இயலாதவனுக்கு வாக்குரிமை இருந்தும் பாதி அடிமைத்தனம் நீங்கவில்லை. எண்ணறியாத ஜனங்களை ஏய்ப்பது எளிது. வரவு செலவுத் திட்டத்தைக் காட்டி ஏய்ப்பது அதனினும் எளிது.

பொருளைக் காட்டி எண்ணைக் கற்பிக்கும் முறை நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதியும், புளியங்கொட்டையை எண்ணியும் பாலர்கள் கற்றார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மணலெழுத்தையும், சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் முறையையும் இங்கே கையாண்டு, 1797-இல் அதைப்பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். அம்முறை ‘மதராஸ் முறை’ என்றே அங்கு பெயர் பெற்றது. ஆயினும் பழம்பெருமை பேசி நின்றுவிடலாகாது. அத்திண்ணைகளில் எல்லோருக்கும் இடமிருந்ததில்லை. மன்றோ 1822-இல் எடுக்கச் சொன்ன கணக்கிலேயே பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். எண்சுவடியை நெட்டுருப் போடுவதும் அங்கே அதிகம். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்விதான், தக்ளியில் நூற்ற நூலையே கணக்குப் பாடமாக்கி, கைத்தொழிலையும் கல்வியையும் இணைக்கப் பார்த்தது.

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டிப் பக்கம் மழை குறைந்த கரிசல் சீமை. தறியும் பருத்தியும் பழகிய சீமை. இங்குள்ள பள்ளிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் நாலு கட்டும் இரண்டு குச்சியும் 42 ஆகும். அதில் பதினேழை எடுக்கச் சொன்னால், குழந்தை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். ‘கடன் வாங்குதல்’ என்று கரும்பலகையில் நாம் சொல்லும் மர்மம் அவ்வளவே. மிஞ்சுவது இரண்டு கட்டும் ஐந்து குச்சியும்.

வாசற்கோலம் பெருக்கல் வாய்பாட்டைக் காட்டும். ஏழு புள்ளி கொண்ட ஆறு வரிசையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஆறு புள்ளி கொண்ட ஏழு வரிசை. அதன் நடுவே ஒரு கோடிட்டு ஐந்து பத்தியாகவும் இரண்டு பத்தியாகவும் பிரித்தால் முப்பதும் பன்னிரண்டும். மறந்த வாய்பாட்டைப் பிள்ளை தானே மீட்டுக்கொள்ள இது வழி.

காலைவிட அரைக்கால் பெரிது என்று பிள்ளைகள் மயங்குவதுண்டு. நாலைவிட எட்டு பெரிதல்லவா? படியையும் ஆழாக்கையும் முன்னே வைத்து, எட்டு ஆழாக்கு தானியம் ஒரு படியை நிரப்புவதையும், நாலு உழக்கே அதை நிரப்பிவிடுவதையும் அளந்து காட்டினால் மயக்கம் தீரும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நூலே போதும். 840 கெஜச் சிட்டங்கள் நாற்பது கொண்டு ஒரு ராத்தல் நிறைந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். எண்பது கொண்டு நிறைந்தால் 80-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். பங்கு பெருகப் பெருகப் பங்கின் அளவு சிறுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எது?

தொற்று நோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டு வந்து, பிள்ளைகளின் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பொருளும் படமும் கொண்டு போதிக்க முற்பட்டது. நோக்கம் சிலாக்கியமானதே. ஆனால் படம் சுவருக்கு அலங்காரமாகிவிட்டால் பயனில்லை. முதலில் கையில் பொருள், அடுத்துப் பலகையில் படம், கடைசியில் குறி என்பதே இயல்பான வரிசை. அமெரிக்க உளநூலார் ஜெரோம் புரூனர் 1966-இல் வெளியிட்ட நூலில் விளக்கியதும் ஏறக்குறைய இதுவே. குச்சியை விட்டுக் குறிக்கு வராத பிள்ளையும், குச்சியைக் காணாமலே குறிக்கு வந்த பிள்ளையும் பாதி வழியில் நின்றவர்களே. வாய்பாடு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கண்டபின் மனனம் செய்க என்கிறோம்.

இதில் உபாத்தியாயரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கே அளித்திருக்கிறது. அவ்விடத்தில் அமர்பவர்கள் சுண்ணாம்பையும் கூரையையும் பற்றி மட்டும் விசாரித்துத் திரும்பலாமா? ஒரு குழந்தையை அழைத்து, ‘நாற்பத்திரண்டைச் சொல்’ என்று கேளாமல், ‘நாற்பத்திரண்டைக் காட்டு’ என்று கேட்கட்டும். காட்டத் தெரிந்த குழந்தையை நாளை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஏய்க்க முடியாது.