கீழ்காய்நெல்லி சொல்லும் பாடம்

செங்கமாரி என்றதும் கீழ்காய்நெல்லியை அரைத்துக் கொடுப்பது எம்மவர் வழக்கம். ஆய்வுலகமும் அதனைச் சோதித்துப் பார்த்தது. ஈரலழற்சி 'பி' வைரசைக் குருதியில் தாங்கியிருந்தோருக்கு இம்மூலிகையை 30 நாட்கள் கொடுத்த சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர், 1988 இல் முடிவை வெளியிட்டனர். அவ்வைரசைக் கண்டறிந்த நோபல் பரிசாளர் புளும்பேர்க்கும் அக்குழுவில் இருந்தார். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் வைரசின் அடையாளம் மறைந்தது. வெற்றுமருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது.

ஆயினும் 1990 இல் வெளிவந்த தாய்லாந்துச் சோதனையில் அப்பயன் கிட்டவில்லை.

செங்கமாரி பலருக்குத் தானே தணிகிறது. புகழ் மூலிகைக்குச் சேர்கிறது. 'பி' வைரசோ அறிகுறியின்றி ஆண்டுக்கணக்கில் ஈரலைச் சிதைக்கவல்லது. முன்னோரை மதிப்போம், குருதிச் சோதனையையும் பிள்ளைகளுக்கான தடுப்பூசியையும் தவிர்க்காதிருப்போம். உண்ணும் மூலிகையை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம்.