கருவியின் மௌனம்: செயற்கை நுண்ணறிவு முகவர்க்குரிய கருவிக் குறிப்பும் மதிப்பீடும்

சங்க நூல்களுள் ஒரு சொல் பயின்று வருகின்றதா என்னும் வினாவிற்குச் சொல்லடைவைப் புரட்டி விடை காண்பது நம் வழக்கம். அடைவில் அச்சொல் இல்லையெனின், தொகுத்தோர் எப்பதிப்பைக் கொண்டனர், பாடவேறுபாடுகளைச் சேர்த்தனரா, புணர்மொழிகளைப் பிரித்தனரா என்பவற்றை முன்னுரையிற் கண்ட பின்னரே 'இல்லை' என்றெழுதத் துணிவோம். இன்று இவ்வினாவைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் விடுப்போர் பலர். முகவர் தனக்குத் தரப்பட்ட தேடற்கருவியை ஏவி, அது தரும் விடையைக் கொண்டு முடிவு கூறுகின்றது. அக்கருவிக்கு முன்னுரை உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முகவரின் உள்ளே இயங்கும் மொழிமாதிரி, உரையைப் பெற்று உரையை ஈனும் நிரலேயாகும். தேடுதல், கணக்கிடுதல், கோப்பினைத் திருத்துதல் முதலிய வினைகளுக்கு அது புறத்தேயுள்ள வேறு நிரல்களை ஏவுதல் வேண்டும். அவையே கருவிகள். ஆந்திரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொதுநெறியில், கருவியின் பெயர், அதன் செயலைக் கூறும் விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வரையறை ஆகியன இடம்பெறுகின்றன. விளக்கம் நாம் பேசும் இயல்பான மொழியிலேயே எழுதப்படுவது. கருவியின் அகத்தேயுள்ள நிரலை முகவர் பெரும்பாலும் காண்பதில்லை. ஆதலின், மூலத்தைக் காணாது உரையை மட்டும் கற்கும் மாணாக்கனின் நிலையே அதன் நிலை.

'தமிழ் நூல்களிற் சொற்களைத் தேடும்' என்னும் ஒரு வரிக் குறிப்புடைய கருவியொன்றைக் கற்பனை செய்வோம். உண்மையில் அது செய்வது எழுத்துத்தொடரை எழுத்துத்தொடரோடு ஒப்பிடுதலே. 'ஊர்' என்று தேடின், 'ஊரை', 'ஊரில்' என்பன அகப்படா. கணிப்பொறியில் 'ர்' என்பது ரகரமும் புள்ளியுமாகிய இரு குறியெண்கள். 'ரை' என்பதிற் புள்ளியில்லை. (புள்ளியை நீக்கி 'ஊர' எனத் தேடின் மூன்றும் அகப்படும், இதனைக் குறிப்பில் ஒரு வரியாற் சொல்லிவிடலாம்.) 'பேரூர்' என்பதில் ஊகாரம் உயிர்மெய்யாகி மறைந்தது. 'பொன்' என்று தேடுவார்க்குப் 'பொற்குடம்' கிட்டாது. 'கல்' என்று தேடுவார்க்கோ 'கற்றூண்' கிட்டாமற்போவதோடு, 'பகல்', 'கல்வி' என்பன வேண்டாதே வந்து நிறையும்.

இவற்றினும் நுட்பமானதொரு இடர் உண்டு. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க்குரிய குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் நிகரென்றே ஒருங்குறி வகுத்துள்ளது, கண்ணுக்கும் வேறுபாடில்லை. ஆயினும், முன்னரே ஒருநிலைப்படுத்தாத கருவிக்கு இவை வெவ்வேறு சொற்களே. 'கௌ' என்பதனைக் 'கெ' என்றும் 'ள' என்றும் அடிப்போரால் விளையும் பிழை வேறு; அதனை ஒருங்குறியின் நிகர்மை விதியும் தீர்க்காது.

இந்நிலையிற் கருவி 'பூச்சியம்' என விடை தருகின்றது. முகவர் அதனை 'இச்சொல் சங்க இலக்கியத்தில் இல்லை' என்று செம்மையான தமிழில் எழுதிவிடுகின்றது. 'தேடிய வடிவிற் காணவில்லை' என்பதற்கும் 'வழங்கவில்லை' என்பதற்கும் இடையேயுள்ள தொலைவு மறைந்து போகின்றது. ஒரு சொல்லின் வழக்கின்மையைக் கொண்டு நூலின் காலத்தைத் துணியும் ஆராய்ச்சிக்கு இதனினும் பெருங்கேடு இல்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட எஸ்.டபிள்யூ.இ.-ஏஜெண்ட் என்னும் அமைப்பு இவ்விடரை வேறொரு துறையிற் கண்டுகொண்டது. நிரல்களைத் திருத்தும் அம்முகவர்க்கு, ஒரு கட்டளை எதனையும் அச்சிடாது முடியுங்கால், கட்டளை நிறைவேறியது, வெளியீடு எழவில்லை என்று சொற்களாலேயே அறிவிக்கப்படுகின்றது. வெறுமையைப் பொருள்கொள்ளும் பொறுப்பு முகவர்மேல் விடப்படவில்லை. நம் தேடற்கருவியும் 'எத்தனை' என்பதோடு நில்லாது, எந்நூல்களில், எவ்வடிவத்தை, சந்தி பிரித்தோ பிரியாமலோ தேடியது என்பதனையும் விடையோடு தருதல் வேண்டும்.

குறிப்பை விரித்தெழுதினால் போதுமென்பார் உளர். அது முற்றும் பொருந்தாது. கருவிக் குறிப்புகள் யாவும் முகவரின் வரையறைப்பட்ட நினைவிடத்தை நிறைப்பன. கருவிகள் பெருகுந்தோறும் தேர்வு தடுமாறும். நெறியைச் சொல்வதினும் கருவியைத் திருத்துவது நன்றாகும் இடங்களும் உண்டு. ஆந்திரோபிக் நிறுவனத்தார் தம் அனுபவமாக 2024 டிசம்பரில் எழுதியதொன்று இதற்குச் சான்று. அடைவு மாறியபின் முகவர் சார்புநிலைக் கோப்புப் பாதைகளைத் தந்து பிழைசெய்தமையால், முழுப் பாதையை மட்டுமே ஏற்குமாறு கருவியையே மாற்றினர், பிழை நீங்கிற்று.

மதிப்பீட்டிற்கு வருவோம். முகவர் கருவியை ஏவியது என்பது வெற்றியாகாது. 2024-இல் வெளிவந்த டௌ-பெஞ்ச் என்னும் சோதனை, உரையாடலின் முடிவில் தரவுத்தளம் இருக்கும் நிலையை இருக்கவேண்டிய நிலையோடு ஒப்பிடுகின்றது. ஒரே பணியைப் பன்முறை தந்து, எல்லாமுறையும் தவறாது முடிக்கின்றதா என்பதனையும் அளக்கின்றது. ஜிபிடி-4ஓ உள்ளிட்ட அக்காலத்து முதன்மை மாதிரிகளைக் கொண்ட முகவர்கள் பாதிக்கும் குறைவான பணிகளிலேயே வென்றன; சில்லறை வணிகப் பணிகளில் 8 முறையும் தவறாமை 25 விழுக்காட்டினும் குறைந்தது. ஒருமுறை சரியாக விடையிறுத்தமை கொண்டு மகிழ்வார் இவ்வெண்ணை நோக்குக.

தமிழ்த் தேடற்கருவிக்கு இத்தகைய சோதனை அமைப்பதாயின், முதலில் ஒரு சிறுநூலைக் கையால் எண்ணி வைத்தல் வேண்டும். வினாக்களுள் புணர்ச்சியால் திரிந்தவை, ஒகர ஔகாரச் சொற்கள், அந்நூலில் உறுதியாக இல்லாத சொற்கள் ஆகிய மூவகையும் விரவுதல் வேண்டும். மூன்றாம் வகைக்கு முகவர் 'இல்லை' என்றும், முதலிரு வகையிற் கருவி வெறுங்கையோடு திரும்பின் 'இவ்வடிவிற் கிடைக்கவில்லை' என்றும் வேறுபடுத்திக் கூறுகின்றதா என்பதனைத் தனியே மதிப்பிடுதல் வேண்டும்.