ஈரத்தில் பதுங்கும் சூடோமோனஸ்

2022-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து விசித்திரமான தொற்றுத் தகவல்கள் வரத் தொடங்கின. ஒருவருக்குக் கருவிழியில் புண். இன்னொருவருக்குச் சளியில் கிருமி. வேறு சிலருக்குச் சிறுநீரில், ரத்தத்தில். ஊர் வேறு, வயது வேறு, உடல் உபாதையும் வேறு. கிருமி மட்டும் ஒன்றே. அதன் பெயர் சூடோமோனஸ் ஏருஜினோசா. அதிலும், கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் மருந்துகளுக்கும் மசியாத, அந்த நாடு அதுவரை கண்டிராத வகை.

நோயாளிகளில் பெரும்பாலோர் கண் வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. அவர்கள் அதிகம் பயன்படுத்திய மருந்து, சென்னைக்கு அருகே உள்ள ஒரு தொழிற்சாலையில் தயாரானது. 2023 பிப்ரவரியில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேருக்குப் பார்வை பறிபோனது. மேலும் 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. 4 பேர் இறந்துபோனார்கள்.

பல நாள் திறந்து மூடிப் பயன்படுத்தும் பாட்டில் அது. உள்ளே கிருமி வளராமல் தடுக்கும் பதப்படுத்தியோ போதுமான அளவு இல்லை. மருந்து கிருமியற்றது என்பதற்குத் தயாரிப்பு முறையில் உத்தரவாதம் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆலையைப் பார்வையிட்டபின் பதிவுசெய்தார்கள். கண் எரிகிறதே என்று ஒரு சொட்டு விட்டுக்கொண்டதைத் தவிர, அந்த நோயாளிகள் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஈரம் இருந்தால் போதும்

சூடோமோனஸ் புதிய கிருமி அல்ல. காயத்துக்குக் கட்டிய துணி நீலப்பச்சையாக மாறுவது ஏன் என்று ஆராய்ந்த பிரெஞ்சு மருந்தாளர் கார்ல் கெஸார் 1882-இலேயே இதைப் பிரித்தெடுத்தார். அந்த நிறத்துக்குக் காரணம் இக்கிருமி சுரக்கும் பயோசயனின் என்ற நிறமி. தீப்புண் வார்டில் பழகிய நர்ஸ்கள், கட்டைப் பிரிக்கும்போதே பச்சைச் சீழையும் திராட்சைப் பழம்போன்ற இனிப்பு வாடையையும் வைத்து இதைச் சந்தேகித்துவிடுவார்கள்.

மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாக வாழ்வது இது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரை இது பெரும்பாலும் சீண்டுவதில்லை. தீக்காயம் பட்டவர், வென்டிலேட்டரில் இருப்பவர், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர், கீமோதெரபி எடுப்பவர், குறைமாதக் குழந்தை ஆகியோருக்குத்தான் ஆபத்து. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 2012 ஜனவரியில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று சிசுக்கள் இத்தொற்றால் இறந்தன. கிருமி குடியிருந்த இடம் கை கழுவும் தண்ணீர்க் குழாய்! சுத்தத்துக்காக வைத்த இடத்திலேயே அது வழவழப்பான படலம் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

மருந்து உள்ளேயே போவதில்லை

இந்தப் படலம் அதன் முதல் கவசம். அடுத்தது, எதையும் எளிதில் உள்ளே விடாத வெளிச்சவ்வு. அதையும் தாண்டி நுழையும் மருந்தை, ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல் வெளியேற்றும் பம்புகள் அதன் உடலில் உள்ளன. தப்பிய மிச்சத்தைச் சிதைக்க நொதிகள் வேறு. இவை பிறவியிலேயே வந்தவை. போதாக்குறைக்கு, பக்கத்துப் பாக்டீரியாவிடமிருந்து எதிர்ப்பு மரபணுக்களையும் இது வாங்கிக்கொள்ளும்.

ஆகவே அமாக்சிசிலின் இதை ஒன்றும் செய்யாது. ஒரு காலத்தில் செய்து, இப்போது பலிக்காமல் போனது என்பதல்ல, என்றைக்குமே செய்ததில்லை. வாய்வழி மாத்திரைகளில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆகியவைதான் மருத்துவர் கையில் உள்ள முக்கிய ஆயுதம். அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசிதான் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று எதற்கெடுத்தாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அந்த மாத்திரைகளில் சிப்ரோவும் ஒன்று என்பதை நினைத்தால் பதறுகிறது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012-இல் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்தன. அதன் பெயரே 'சென்னைப் பிரகடனம்'. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, இந்திய மருந்து விதிகளின் எச்-1 அட்டவணைப்படி, மெரோபெனெம் போன்ற கடைசிக் கட்ட மருந்துகளை விற்கும் கடை, நோயாளி, டாக்டர் இருவரின் விவரத்தையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் சரிதான்; சீட்டு இல்லாமல் கேட்கும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் மறுத்துச் சொல்லும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் ஒன்றை கனெக்டிகட்டின் ஒரு குளத்து நீரிலிருந்து யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டெடுத்தார்கள். அது சூடோமோனஸைப் பற்றிக்கொள்வதே மருந்தை வெளியேற்றும் அந்தப் பம்பில்தான். வைரஸிடமிருந்து தப்பக் கிருமி பம்பை மாற்றிக்கொண்டால் பழைய மருந்து மீண்டும் வேலை செய்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் வைத்த செயற்கைக் குழாயில் ஆண்டுக்கணக்காகத் தொற்றோடு போராடிய ஒருவருக்கு 2016-இல் இதைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். ஆனால் இது இன்னும் எல்லோருக்கும் கிடைக்கும் சிகிச்சை அல்ல.

காதிலும் கண்ணிலும்

சர்க்கரை நோயாளிகள் காது வலியை அலட்சியப்படுத்தவே கூடாது. பட்ஸ் அல்லது ஹேர்பின்னால் குடைந்த காதில் சிறு கீறல் விழுந்தால், ஈரத்தோடு சூடோமோனஸும் உள்ளே போகலாம். முதியவர்களிடம் அது காதுக் குழாயோடு நிற்காமல் மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு வரை அரித்துக்கொண்டு போகும். இரவில் தூங்கவிடாத வலி, சீழ் வடிதல், வாய் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை தெரிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காத்திருக்க நேரமில்லை. காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் உடனே போக வேண்டும். சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்துச் சிகிச்சை தருவதுதான் முறை.

கண் சொட்டு மருந்து பாட்டிலின் முனை இமையிலோ விரலிலோ படக்கூடாது. வீட்டில் ஒரே பாட்டிலை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது. திறந்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் போட்டபடியே தூங்குவதும் இக்கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் செயல்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவிழிப் புண் ஓரிரு நாளில் பார்வையைப் பறிக்கக்கூடியது. கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்துப் போகலாம். கண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் சிக்காத கிருமி சில வேளை அந்த டப்பாவில் கிடைக்கும்.