மொட்டை மாடியில் ஒரு பெங்களூர் ஆபீஸ்!

''சார், நான் பேசறது கேக்குதா?''

2020-ல் எங்க பாலக்கோடு வீட்டில் சுப்ரபாதமே இதுதான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற உத்தியோகம் எனக்கு. மார்ச் 25-ம் தேதி நாடே இழுத்து மூடப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், ''லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போங்க'' என்றார்கள். பத்து நாள் கூத்துதானே என்று ரெண்டே சட்டையோடு பஸ் ஏறினேன். அந்த ரெண்டு சட்டையும் கிழிஞ்சே போச்சு சார்!

ஏப்ரல் பாதி தாண்டியும் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கொரோனா கேஸ்கூட இல்லை. சிக்னலும் இல்லை. மொட்டை மாடியில் தண்ணி டேங்க் பக்கத்தில் மட்டும் ரெண்டு கோடு காட்டும். அங்கே தக்காளி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, மேலே லேப்டாப். மேலே சட்டை, கீழே லுங்கி.

அப்பா நாலு நாள் கவனித்துவிட்டு மெள்ளக் கேட்டார்: ''ஏன்டா, இந்தப் பொட்டியத் தட்டவா இத்தினி வருசமா அங்க வாடகை கட்டின?''

முதலாளிகளும் அந்த வருஷம் அதையேதான் யோசித்தார்கள். 2025-க்குள் கால்வாசிப் பேர் ஆபீஸ் வந்தால் போதும் என்று டி.சி.எஸ். ஏப்ரலிலேயே அறிவித்தது. (2023 அக்டோபரில் அவர்களே 'அஞ்சு நாளும் வாங்க' என்றது தனி காமெடி!) கால் சென்டர்காரர்கள் ஆளை வீட்டிலிருந்து வேலை வாங்க வேண்டுமானால் அனுமதி, டெபாசிட் என்று இருந்த கெடுபிடிகளை நவம்பரில் மத்திய அரசு தளர்த்தியது.

நல்லதுதானே என்கிறீர்களா? ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் போன் பண்ணுவார். ''வீட்லதானப்பா இருக்க?'' ஆறு மணி ஆச்சு, கிளம்பறேன் சார் என்று சொல்லவும் வழியில்லை. எங்கே கிளம்புவது? இதற்கு நடுவில் சம்பளத்திலும் முப்பது சதவிகிதம் வெட்டு.

எதிர்வீட்டு மேஸ்திரி அண்ணனுக்கும் பெங்களூரில்தான் கட்டட வேலை. ஓசூர் வரை லாரி, அங்கிருந்து ராயக்கோட்டை வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். கால் ரெண்டும் வீங்கிப் போயிருந்தது. என் கிரேட் ஆபீஸைப் பார்த்துச் சிரித்தார்.

''ஒனக்கு வேலை பொட்டிக்குள்ள இருக்கு தம்பி. நானும் கரணையை எடுத்தாந்துட்டேன்... கட்டடத்த எடுத்தார முடியலையே!''

நான் சிரிக்கவில்லை. கொரோனாவுக்காக மூணு மாச அடிப்படைச் சம்பளம் வரை பி.எஃப்.பில் எடுக்கலாம் என்று மார்ச் கடைசியில் அறிவித்திருந்தார்கள். நான் அதில் கை வைத்தேன். அவருக்கு ஏது பி.எஃப்.? சம்சாரத்தின் கம்மலில் கை வைத்தார்.

அதுவரை அவர் போனையே எடுக்காத கான்ட்ராக்டர், ஊரடங்கு தளர்ந்ததும் தானாகவே கூப்பிட்டாராம். ''மேஸ்திரி, அட்வான்ஸ் அனுப்பறேன், வண்டியும் அனுப்பறேன், ஆளோட வாங்க!'' அண்ணன் முதல் ரெண்டு தடவை போனை எடுக்கவே இல்லை. மூணாவது தடவை கூலியை ஏத்திக் கேட்டார். கிடைத்தது. நானும் மேனேஜரிடம் வெட்டின சம்பளத்தைக் கேட்க ஒரு மாசம் ஒத்திகை பார்த்தேன். வாயைத் திறந்தபோது, ''ஆடியோ வரலப்பா'' என்றார்!

இப்போது வாரத்தில் மூணு நாள் பெங்களூர், ரெண்டு நாள் மொட்டை மாடி. டேங்க் பக்கத்தில் சின்னதாக ஒரு ரூம் போட்டோம். கட்டினது மேஸ்திரி அண்ணன்தான். கூலி எவ்வளவுண்ணா என்றேன்.

''ஆபீஸ் ரூமுன்னா பெங்களூர் ரேட்டுதான் தம்பி!''

பேரம் பேசாமல் கொடுத்தேன்.